பயில்வான் காரும் பூஞ்சிட்டு எஞ்சினும்

சிவகங்கைச் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எல்லா மாடுகளையும் ஒரே ஓட்டத்தில் விடமாட்டார்கள். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரித்துத்தான் விடுவார்கள். பூஞ்சிட்டு என்பது உருவில் மிகச் சிறிய வகை. அதைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு ஓடவிட்டால் ஊரே சிரிக்கும்.

இப்போது இரண்டு கார்களைக் கோட்டில் நிறுத்துவோம். கற்பனையாகத்தான். ஒன்று, 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனையான ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454. அதன் எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள். எட்டின் கொள்ளளவையும் கூட்டினால் 7.4 லிட்டர். மற்றொன்று, 2019-இல் ஜெர்மனியில் அறிமுகமான மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. ஏ 45 எஸ். அதில் நான்கே சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 1,991 கன சென்டிமீட்டர்; இரண்டு லிட்டருக்கும் ஒரு மடக்குக் குறைவு.

முதல் கார் பெரிய மாடு. இரண்டாவது பூஞ்சிட்டு. பெரிய மாட்டின் திறன் 450 குதிரைத்திறன் என்று அதைச் செய்தவர்கள் விளம்பரப்படுத்தினார்கள். பூஞ்சிட்டின் திறன் 421. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டப் பெரிய மாட்டுக்குச் சுமார் 6 விநாடி ஆகும். பூஞ்சிட்டுக்கு 3.9 விநாடி போதும் என்கிறது நிறுவனம்.

பூஞ்சிட்டு ஜெயித்துவிட்டது! நாலில் ஒரு பங்கு அளவுள்ள எஞ்சின் இதை எப்படிச் சாதித்தது?

அதைப் பார்ப்பதற்குமுன், பெரிய மாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கப்பலில் வரவழைத்துக் கட்டிய வீடுகள். அப்படி ஒரு வீட்டின் கார் கொட்டகையில் 1932-ஆம் ஆண்டின் ஃபோர்டு வி-8 கார் ஒன்று தூசி படிந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் மூடியைத் திறந்தால், ‘வி’ என்ற ஆங்கில எழுத்தைப் போல இரண்டு வரிசையாக விரிந்த எட்டு சிலிண்டர்கள் இருக்கும். கொள்ளளவு 3.6 லிட்டர். திறன் 65 குதிரைத்திறன். இன்று உங்கள் தெருவில் நிற்கும் சாதாரண 1.2 லிட்டர் கார்கள் சில 80 குதிரைத்திறனுக்கு மேல் தருகின்றன. ஆனால் 1932-இல் 65 என்பது பெரிய எண்.

அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலைகள் நேரானவை. ஆகவே திறன் கூட வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்கு என்ற வழியிலேயே அவர்கள் போனார்கள். 1964-இல் பாண்டியாக் என்ற நிறுவனம், நடுத்தர அளவுள்ள ஒரு காரில் பெரிய காருக்கான 6.4 லிட்டர் எஞ்சினைத் திணித்து, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றது. விற்பனை சூடுபிடித்தது. மற்ற நிறுவனங்களும் இதே வேலையில் இறங்கின. இந்த வகைக்கு ‘மஸில் கார்’, அதாவது தசைவலிமை கொண்ட கார் என்று பெயர் வந்தது. நாம் பயில்வான் கார் என்றே சொல்லுவோம்; பொருத்தமாக இருக்கிறது. அந்த நாளில் வெளிநாட்டுக் காரை இந்தியாவுக்குக் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. நம் சாலைகளில் அம்பாசிடரும் ஃபியட்டும், சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும்தான் ஓடின. பயில்வான் கார்களை நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் படங்களில்தான் பார்த்திருப்பார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். எஞ்சின் என்பது மூச்சு விடும் இயந்திரம். பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று தெரியுமா? ஒரு கிலோகிராம் பெட்ரோலை மிச்சமில்லாமல் எரிக்க 14.7 கிலோகிராம் காற்று தேவை. பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது. ஒரு சிறிய பம்பு போதும். ஆனால் பெட்ரோலைப் போலப் பதினைந்து மடங்கு எடையுள்ள காற்றை, கண் இமைக்கும் நேரத்துக்குள் சிலிண்டருக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். கடினமான வேலை அதுதான்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்; கணக்குப் போடுவோம். பயில்வானின் எஞ்சின் உச்சத் திறனைத் தரும்போது நிமிடத்துக்கு 5,600 சுற்றுகள் சுற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எல்லாச் சிலிண்டர்களும் காற்றை இழுத்து முடிக்கும். ஆகவே நிமிடத்துக்கு 2,800 தடவை. ஒவ்வொரு தடவையும் 7.4 லிட்டர். பெருக்கினால் 20,720 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். ஆக நிமிடத்துக்கு 25 கிலோகிராம். ஆனால் வால்வு திறந்து மூடும் அவசரத்தில் சிலிண்டர் முழுதும் நிரம்பாது. ஐந்தில் நான்கு பங்கு நிரம்புவதாகக் கொண்டால் 20 கிலோகிராம்.

20 கிலோகிராம் காற்றில் எரியக்கூடிய பெட்ரோல் 1.36 கிலோகிராம். ஒரு கிலோகிராம் பெட்ரோலில் சுமார் 44 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆக நிமிடத்துக்கு 60 மெகாஜூல்; அதாவது விநாடிக்கு 1 மெகாஜூல், 1,000 கிலோவாட். அவ்வளவும் சக்கரத்துக்குப் போய்விடாது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். 30 சதவீதம் வேலைக்குப் பயன்பட்டால் 300 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பது உங்களுக்குத் தெரியும். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 400 குதிரைத்திறன் வருகிறது! எஞ்சினைத் தொடாமல், காற்றை மட்டும் எடைபோட்டே அதன் திறனைக் கண்டுபிடித்துவிட்டோம்.

இப்போது பூஞ்சிட்டு. அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 6,750 சுற்றில் உச்சத் திறன் தருகிறது. பாதி 3,375. அதை 1.991 லிட்டரால் பெருக்கினால் 6,720 லிட்டர். நிறையில் 8 கிலோகிராம். பயில்வானின் காற்றில் பாதிகூட இல்லை. ஆனால் இதில் ஒரு துருத்தி இருக்கிறது.

கொல்லன் பட்டறையில் சின்ன உலைதான் இருக்கும். அதில் இரும்பு பழுக்கிறது. வீட்டு அடுப்பில் எத்தனை விறகு வைத்தாலும் பழுப்பதில்லை. துருத்தி தரும் காற்றுதான் வேறுபாடு. அதேபோல இந்த எஞ்சினில் டர்போ என்ற காற்றூதி இருக்கிறது. அது காற்றைப் பிடித்து நெருக்கி, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே 8 கிலோகிராம் என்பது கணக்குப்படி 24 கிலோகிராம் ஆகிறது. வெப்பத்தாலும் மற்றக் காரணங்களாலும் கொஞ்சம் குறையும். 20-க்குப் பக்கத்தில் நிற்கும். பார்த்தீர்களா? இரண்டு எஞ்சின்களும் ஒரு நிமிடத்தில் சுவாசிப்பது கிட்டத்தட்ட ஒரே அளவு காற்று. அறை சிறியதானாலும் உள்ளே போகும் காற்று சமம் என்றால் திறனும் சமம்தான்.

துருத்தியை மிதிப்பது யார்? எஞ்சின் வெளியே தள்ளும் புகையே! புகைக்குழாயில் ஒரு சிறிய காற்றாடி. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. வீணாகப் போகும் புகை முதலாவதைச் சுழற்ற, இரண்டாவது புதிய காற்றை உள்ளே தள்ளுகிறது. இந்தக் காரில் அந்த அச்சு நிமிடத்துக்கு 1,69,000 சுற்று வரை சுழலும். உங்கள் வீட்டு மின்விசிறி சுமார் 350 சுற்று என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் அளவு புரியும்.

இது புதிய கண்டுபிடிப்பா என்றால், இல்லை. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1962-இல் அமெரிக்காவிலேயே டர்போ வைத்த கார்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் அந்த முயற்சி அப்போது நிலைக்கவில்லை. ஏன்?

சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். பெட்ரோல் கலந்த காற்றை அளவுக்கு மேல் நெருக்கினால், மின்பொறி தீ வைத்தபின் அந்தத் தீ சீராகப் பரவும்வரை மூலையில் இருக்கும் கலவை பொறுத்திருக்காது. தானாகவே ஒரேயடியாக வெடித்துவிடும். பிஸ்டனைச் சுத்தியலால் அடித்தது போலச் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். தொடர்ந்து இப்படி நடந்தால் பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடும். டர்போ வைத்தால் காற்று முன்னரே நெருங்கி, சூடாகி வருகிறது. ஆகவே இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

டர்போ இல்லாத பயில்வான் கார்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஷெவெல் எஞ்சின் கலவையை 11.25 மடங்கு நெருக்கியது. நெருக்கம் கூடினால் ஒரே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தைத் தாங்கக்கூடிய பெட்ரோல் வேண்டுமே! அதற்காகப் பெட்ரோலில் ஒரு பொருளைக் கலந்தார்கள். டெட்ரா எதில் லெட் என்று பெயர். அதில் இருப்பது ஈயம்.

இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, இந்த ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் நின்றுவிடுகிறது என்று கண்டார். ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1924-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், இதைத் தயாரித்த ஓர் ஆலையில் ஐந்து தொழிலாளிகள் புத்தி பேதலித்து இறந்துபோனார்கள். அப்படியும் ஈயப் பெட்ரோல் உலகமெங்கும் பரவியது. விலை குறைவு, பலன் அதிகம். புகையோடு வெளியேறிய ஈயத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதைப் பொருட்படுத்தியவர் மருத்துவர் அல்லர். பூமியின் வயதைக் கணக்கிட்டவர். கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் வெளியிட்டார். அந்த வேலையின்போது அவருக்கு ஒரு பெரிய தொந்தரவு. கல்லில் இருக்கும் ஈயத்தை அளக்கலாம் என்றால், ஆய்வுக்கூடத்துத் தூசி, தண்ணீர், பாத்திரம் எல்லாவற்றிலும் ஈயம்! இத்தனை ஈயம் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடினார். பழைய பனிக்கட்டி அடுக்குகளையும் கடல் நீரையும் ஆராய்ந்தார். மனிதன்தான் பூமி முழுதும் ஈயத்தைத் தூவிக்கொண்டிருக்கிறான், அதில் பெட்ரோலுக்குப் பெரிய பங்கு உண்டு என்ற முடிவுக்கு வந்தார். 1965-இல் இதை வெளிப்படையாக எழுதினார். பெட்ரோலில் ஈயம் கலப்பவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குக் கிடைத்துவந்த ஆராய்ச்சி உதவிகள் சில நின்றன. அவர் விடவில்லை.

ஈயம் யாரை அதிகம் தாக்கும் தெரியுமா? சிறு குழந்தைகளை. வளரும் மூளையில் அது செய்யும் கேட்டைப் பிறகு சரிசெய்ய முடியாது. படிப்பிலும் கவனத்திலும் பின்தங்குவார்கள். சாலையோரத்தில் விளையாடிய குழந்தை, காரை ஒருநாளும் தொடாத குழந்தை, அந்தக் காரின் பலத்துக்கு விலை கொடுத்தது.

இந்தியாவில் 1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுதும் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா; 2021-இல். பயில்வான் கார்களின் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுக் காற்றுத் தூய்மைச் சட்டம், ஏறிக்கொண்டே போன இன்ஷூரன்ஸ் தொகை, 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அவற்றை ஓரங்கட்டின.

அப்படியானால் இன்றைய பூஞ்சிட்டு, ஈயமும் இல்லாமல், மூன்று மடங்கு அழுத்தத்தில் எப்படி நாக்கிங் வராமல் தப்பிக்கிறது? மூன்று உபாயங்கள். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை முதலில் ஒரு குளிர்விப்பானில் ஆற்றுகிறார்கள். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சுகிறார்கள்; அது ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. மூன்றாவதுதான் முக்கியம். எஞ்சினின் உடம்பில் ஒரு சிறிய படிகத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். நாக்கிங்கின் முதல் முனகல் கேட்டவுடனேயே அது கணிப்பொறிக்குச் சொல்லிவிடும். கணிப்பொறி அடுத்த மின்பொறியைச் சற்றுத் தாமதமாக வைக்கும். பழைய எஞ்சினுக்குக் காது கிடையாது. புதியதற்கு இருக்கிறது. 1962-இன் டர்போ கார்களுக்கும் இன்றையவற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு சிறிய தகராறைத் தீர்த்துவிடுவோம். 450-ஐவிட 421 குறைவுதானே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த 450 கொஞ்சம் ஊதிய எண். அந்தக் காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, புகைக்குழாய் ஒலிதடுப்பான், மின்னாக்கி முதலியவற்றைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். செருப்பையும் சட்டையையும் கழற்றிவிட்டு எடைபார்ப்பதுபோல! காரில் பொருத்தியபின் அவ்வளவு கிடைக்காது. 1971-இல் ஷெவர்லே இரண்டு எண்களையும் சேர்த்து வெளியிட்டது. அவ்வாண்டின் 7.4 லிட்டர் எஞ்சின் ஒன்றுக்குப் பழைய முறையில் 365. எல்லாம் பொருத்திய நிலையில் 285. 1972 முதல் இரண்டாவது முறையே அங்கு வழக்கமாயிற்று.

திறன் இருந்தால் மட்டும் போதுமா? அதைத் தரையில் இறக்க வேண்டும். பயில்வான் காரின் திறன் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகும். கிளம்பும்போது கார் பின்பக்கம் சாய்வதால் எடையில் 60 சதவீதம் பின்சக்கரங்களில் விழுவதாகக் கொள்வோம். அக்கால டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.8 என்போம். கிடைக்கக்கூடிய மிகப் பெரிய முடுக்கம் 0.6 × 0.8 × 9.8; அதாவது விநாடிக்கு விநாடி 4.7 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். வகுத்தால் 5.9 விநாடி. எஞ்சினில் 450 என்ன, ஆயிரம் குதிரைகளைப் பூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மிஞ்சிய திறன் டயரைத் தேய்த்துப் புகையாகத்தான் போகும். பயில்வான் கார்ப் படங்களில் டயரிலிருந்து கிளம்பும் அந்த வெள்ளைப் புகையைப் பெருமையாகக் காட்டுவார்கள். உண்மையில் அது தோல்வியின் புகை.

பூஞ்சிட்டில் நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன. டயரின் பிடிப்பும் கூடியிருக்கிறது. குணகம் 1 என்று கொண்டால் எல்லை 2.8 விநாடி. நடைமுறையில் 3.9.

இனி, சிலிண்டரே இல்லாத ஒரு போட்டியாளரையும் பார்த்துவிடுவோம். மின்சாரக் கார். இதற்கு மூச்சே வேண்டாம். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும். மஹிந்திரா நிறுவனம் 2024-இல் அறிமுகப்படுத்திய பி.இ. 6 என்ற மின்சாரக் கார், 79 கிலோவாட் மணி பேட்டரியோடு, 100 கி.மீ. வேகத்தை 6.7 விநாடியில் எட்டும் என்று சொல்லப்படுகிறது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் கார், பழைய பயில்வானின் குதிகாலில் நிற்கிறது! அதுவும் சத்தமில்லாமல்.

மின்சாரக் காரும் புதிதல்ல. மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் கார் எது தெரியுமா? 1899-இல் காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர் ஓட்டிய மின்சாரக் கார்தான். தடையாக இருந்தது பேட்டரியின் எடை. ஈய அமில பேட்டரி ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 35 வாட் மணி ஆற்றலைத்தான் வைத்திருக்கும். 79 கிலோவாட் மணி வேண்டுமென்றால் இரண்டேகால் டன் பேட்டரி! காரைவிடக் கனம். இன்றைய லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பு கிலோகிராமுக்கு 150 வாட் மணி என்று கொண்டால் அரை டன்னில் முடிந்துவிடும்.

இந்த ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊர்க்காரர்களுக்கு அது ‘சிக்ரி’. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அரிமானம், மின்முலாம், பேட்டரி என்று பல துறைகளில் அங்கே வேலை நடக்கிறது. லித்தியம் அயனி பேட்டரியை உள்நாட்டிலேயே செய்யும் முறையை அங்குள்ள விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். 2018-இல் அதை ஒரு தொழில் நிறுவனத்துக்கு வழங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பழைய பயில்வானின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் காரைக்குடி மாணவர் எவராவது இருந்தால், அவர் அந்தச் சுற்றுச்சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இதுவரை ஓடுவதைப் பற்றியே பேசினோம். நிற்பதைப் பற்றிப் பேசவில்லை. விளம்பரங்களிலும் அதிகம் பேசமாட்டார்கள்.

1,700 கிலோகிராம் எடையுள்ள பயில்வான் கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 650 கிலோஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இது போதும். பிரேக் போட்டால் அவ்வளவும் சில விநாடிகளில் வெப்பமாக மாறவேண்டும். அக்காலக் கார்கள் பலவற்றில் இருந்தது டிரம் பிரேக். மூடிய பானைக்குள் வெப்பம் தங்கிவிடும். இரண்டு மூன்று தடவை அழுத்திப் பிடித்தால் பிரேக்கின் பிடி தளர்ந்துவிடும். திறந்த தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் விரைவில் ஆறும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் உடனே ஒரு கணம் விட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். என்ற அமைப்பும் இப்போது இருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம்.

பழைய கார் 0.6 ஜி அளவிலும் புதிய கார் 1 ஜி அளவிலும் வேகம் குறைவதாகக் கொள்வோம் (1 ஜி என்பது 9.8). தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × வேகக்குறைப்பு) என்ற சூத்திரம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து புதிய கார் 39 மீட்டரில் நிற்கும். பழையது 66 மீட்டரில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒரே கணத்தில் பிரேக் போட்டால், புதிய கார் நின்றுவிட்ட இடத்தைப் பழைய கார் எந்த வேகத்தில் கடக்கும்? கணக்கிட்டால் மணிக்கு 63 கி.மீ. வருகிறது. அந்த இடத்தில் சாலையைக் கடக்க ஒரு பிள்ளை நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் புதிய காரை ஓட்டுபவர், நம் பிரேக்தான் நல்லதாயிற்றே என்று 130 கி.மீ. வேகத்தில் வந்தால்? அதே சூத்திரம் 66 மீட்டர் என்கிறது. ஐம்பது ஆண்டுப் பொறியியல் முன்னேற்றமும் 30 கி.மீ. கூடுதல் வேகத்தில் கரைந்துவிட்டது. இதோடு, கண் பார்த்துக் கால் பிரேக்கை அடைய ஒரு விநாடியாவது ஆகும். 100-இல் அந்த ஒரு விநாடியில் கார் 28 மீட்டர் ஓடிவிடும். 130-இல் 36 மீட்டர். நம் கண்ணுக்கும் காலுக்கும் 1970-இன் மாதிரி, 2019-இன் மாதிரி என்று கிடையாது.

இதை நீங்களே சைக்கிளில் சோதித்துப் பார்க்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னே 10 மீட்டர் அளந்து இன்னொரு கோடு. நண்பர் ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும். அந்த 10 மீட்டரை 5 விநாடியில் கடந்து, இரண்டாவது கோட்டில் பின்பிரேக்கைப் பிடியுங்கள். நின்ற தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்த முறை இரண்டரை விநாடியில் கடந்து, அதே கோட்டில் பிரேக். வேகம் இரு மடங்கு. தூரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இருக்கும். பிறகு முதல் வேகத்திலேயே, பின்னால் ஒரு நண்பரை உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். சூத்திரத்தில் எடையே இல்லை. ஆகவே தூரம் மாறக்கூடாது. ஆனால் மாறும், கூடும். சூத்திரம் பொய் சொல்லவில்லை. அது டயர் சாலையைப் பிடிக்கும் பிடிப்பின் எல்லையைச் சொல்கிறது. உங்கள் சைக்கிளோ, அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே, பிரேக்கைப் பிடிக்கும் உங்கள் விரல்களின் எல்லையைத் தொட்டுவிட்டது.